ஐதரோகாபன் என்னும் ஒரு சொல்: காவிரிப் படுகையும் மன்னார்க் கடலும்

(மவுண்ட் ரோஸ்கில் வட்டாரத் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய சனிக்கிழமை மாலைச் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்.)



நான் நிலவியலாளன் அல்லன். பொறியியற் பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளாகக் கணினித் துறையில் பணிபுரிந்து வருபவன். ஓய்வு நேரத்தில் எமது அமைப்புக்குத் துண்டுப்பிரசுரம் எழுதுவதும், மனுக்களைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. பாறையைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைப்பது இயல்பே. நான் செய்த ஒரு பிழைதான் என்னை இத்தலைப்புக்கு இழுத்துவந்தது. ஆகவே அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் மக்கள் ஐதரோகாபன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக நாமும் இங்கு ஒரு கூட்டம் வைத்தோம். பிரசுரம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஓர் இரவில் எழுதி முடித்தேன். “நெடுவாசலில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுப்பதற்காக நிலத்தடி நீர் முழுவதையும் இறைத்து வெளியேற்றப் போகின்றார்கள்” என்று அதிற் கொட்டை எழுத்தில் இருந்தது. இருநூறு பிரதிகள் எடுத்துப் பகிர்ந்தோம். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கும் எம் சமூகத்துப் பிள்ளை ஒருத்தி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். “மாமா, குறை நினைக்காதேங்கோ. நெடுவாசல் நிலக்கரி மீத்தேன் வயல் இல்லை. நீங்கள் எழுதினது மன்னார்குடித் திட்டம் எல்லோ? ரெண்டும் வேற பாறை, வேற ஆழம், எடுக்கிற முறையும் வேற” என்றாள்.

அன்றிரவு வீடு சென்று தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது முற்றிலும் சரி. நெடுவாசல் மக்களின் கோரிக்கை என் பிழையினால் பிழையாகிவிடவில்லை. ஆனால் அப்பிரசுரம் விடயம் அறிந்த ஒருவர் கையிற் சிக்கியிருந்தால், “இவர்களுக்கு எதனை எதிர்க்கிறோம் என்பதே தெரியாது” என்று ஒரே வாக்கியத்தில் எம்மையும் அவர்களையும் சேர்த்து ஒதுக்கியிருப்பார். அந்த வெட்கம்தான் அதன்பின் பல மாலைகள் என்னைப் படிக்க வைத்தது. படித்தவற்றுட் சிலவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இங்குள்ள பெற்றோர்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இப்பாடம் ஏற்கனவே பாதி தெரியும். 1990இல் போர் மீண்டும் மூண்டு, எரிபொருள் வருவது தடைப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் தங்கத்துக்குச் சமமாக இருந்தது. என் தந்தையார் ஒரு சிறு மருந்துப் போத்தலில் பெற்றோலை வைத்திருப்பார். மோட்டார்ச் சைக்கிளை உயிர்ப்பிப்பதற்குச் சில துளிகள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயிற் புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெயை மட்டும் ஊற்றி எவ்வளவு உதைத்தாலும் அது கிளம்பாது. நாங்கள் படித்த ஜாம் போத்தல் விளக்கு அதே மண்ணெண்ணெயில் அமைதியாக எரியும். அதற்குள் பெற்றோலை ஊற்றினால் வீடே எரிந்துவிடும். இரண்டும் ஐதரோகாபன்கள்தாம். ஐதரசனும் காபனும் தவிர வேறு பெரிதாக எதுவும் அவற்றில் இல்லை. காபன் அணுக்கள் எத்தனை கோக்கப்பட்டுள்ளன என்பதில்தான் வேறுபாடு. ஓர் அணு மட்டும் இருந்தால் மீத்தேன் வாயு. மூன்றும் நான்கும் கொண்டவை எமது சமையல் உருளையில் வருவன. ஏறத்தாழ 5 முதல் 12 வரை பெற்றோல். 10 முதல் 16 வரை மண்ணெண்ணெய். இருபதைத் தாண்டினால் மெழுகு. அதற்கும் மேலே தெருவுக்கு ஊற்றும் தார். எமது பாடநூல் ‘ஐதரோகாபன்’ என்றது, தமிழகப் பத்திரிகைகள் ‘ஹைட்ரோகார்பன்’ என்கின்றன. எப்படி எழுதினாலும் அந்த ஒரு சொல்லுக்குள் வாயுவும் திரவமும் திண்மமும் அடக்கம்.

இச்சங்கிலிகள் பாறைக்குள் எப்படி உண்டாகின்றன? கடலடியிலும் ஏரியடியிலும் சதுப்பு நிலத்திலும் சேறு படியும்போது, இறந்த பாசிகளும் இலைதழைகளும் அதனுடன் சேர்ந்து புதைகின்றன. ஒட்சிசன் எட்டாத சேற்றில் அவை முழுதாக அழுகிப் போவதில்லை. மேலும் மேலும் படிவுகள் விழ, சேறு இறுகி அடையற்பாறை ஆகிறது. உயிர்ச்சத்து, கெரோஜன் என்னும் கரிய திண்மமாகப் பாறையோடு ஒட்டிக்கிடக்கிறது. நிலத்துக்குக் கீழே போகப் போக வெப்பம் கூடும். பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை செல்சியசு வரை. ஏறத்தாழ 60 பாகையிலிருந்து 120 பாகை வரை கெரோஜன் உடைந்து எண்ணெய் கசியும். அதற்கு மேலே எண்ணெயின் நீண்ட சங்கிலிகளும் உடைந்து வாயுவாகும். கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி செய்த வீட்டாருக்கு இது புதிதன்று. பதம் வருமுன் இறக்கினால் வெறும் நீர். பதம் தப்பினால் கருகல். நிலம் இப்பாகைக் காய்ச்ச எடுத்துக்கொள்ளும் காலம் மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகள்.

ஆனால் பதம் மட்டும் போதாது, அடுப்பில் எதை ஏற்றினோம் என்பதும் முக்கியம். கடற்பாசியும் ஏரிப்பாசியும் எண்ணெயை நிறையத் தரும். மரத்தண்டும் மரப்பட்டையும் பெரும்பாலும் வாயுவையே தரும். இலைகளின் மேலுள்ள மெழுகுப் பூச்சு, எண்ணெயானாலும் மெழுகைச் சுமந்துகொண்டே வரும். இராஜஸ்தானத்தின் பார்மர்ப் பகுதியில் 2004இல் கண்டறியப்பட்ட மங்களா வயலின் எண்ணெய் பழைய ஏரிப்படிவில் உருவானது. அதில் மெழுகு மிகுதி. சூடாக்காவிட்டால் குழாயில் உறைந்துவிடும் என்பதனால், குஜராத் கரைவரை வழிநெடுகச் சூடேற்றும் குழாய் அமைத்தார்கள். கண்டறிந்த கெயின் நிறுவனத்தின் பெயரை நினைவில் வையுங்கள். மன்னாருக்குப் போகும்போது மீண்டும் வரும்.

இப்போது எமது காலடிக்கு வருவோம். மவுண்ட் ரோஸ்கில், மாவோரி மக்கள் புகெட்டாப்பப்பா என்றழைக்கும் இக்குன்று, ஒக்லாந்தின் 50க்கும் மேற்பட்ட எரிமலைகளுள் ஒன்று. உயரம் 110 மீட்டர். அதன் கருங்கல்லுக்குக் கீழே அடையற்பாறை உண்டு. மனுகாவ் கரைப்பக்கம் நடக்கப் போகிறவர்கள், செம்பழுப்பான மணற்கல்லும் சாம்பல்நிறக் களிக்கல்லும் கேக் அடுக்குப்போல மாறிமாறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலிற் படிந்த வைட்டமாற்றாப் பாறைகள் அவை. ஒக்லாந்தில் எண்ணெய் வயல் எதுவும் இல்லை. அடையற்பாறை இருக்கிறது என்பதனாலேயே எண்ணெய் இருந்துவிடாது. யாழ்ப்பாணம் முழுவதும் சுண்ணக்கல் என்ற அடையற்பாறையின்மேல்தான் இருக்கிறது; எம் வீட்டுக் கிணற்றில் ஊறியது தண்ணீர்தான்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததே என்று யாராவது கேட்கலாம். அது நிலம் ஈன்ற எண்ணெய் அன்று. மின்நிலையத்தின் கழிவெண்ணெய், வெடிப்பும் பொந்துமாகக் கிடக்கும் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிப் பரவியது. இலங்கை உயர்நீதிமன்றம் 2019இல் அவ்வழக்கில் மக்களுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பாறைக்குள் எண்ணெய் எவ்வளவு எளிதாகப் பயணம் செய்யும் என்பதற்கு எம்மவர் கொடுத்த விலை அது.

ஒக்லாந்திற் சமையலறைக்குக் குழாய்வழி வரும் வாயு, தெற்கே தரனாக்கிப் படுகையிலிருந்து வருகிறது. கபூனி வயலை 1959இலும், கடலுக்குள் இருக்கும் மாவுயி வயலை 1969இலும் கண்டார்கள். இரண்டும் ஒரே படுகையைச் சேர்ந்தவை. பழங்காலச் சதுப்புநில நிலக்கரிப் படிவுகளே இரண்டுக்கும் தாய். அப்படியிருந்தும் கபூனியில் வெளிவரும் வாயுவில் 40 சதவீதத்துக்கும் மேல் எரியாத காபனீரொட்சைட்டு. அதனைப் பிரித்தெடுக்கவே தனி ஆலை தேவைப்பட்டது. மாவுயி வயலில் அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. அதே படுகையின் மக்கீ வயலில் எண்ணெய் கிடைத்தது. குளிர்ந்தால் மெழுகாக இறுகும் எண்ணெய். இன்னொரு வேடிக்கையும் உண்டு. தரனாக்கி எண்ணெய் இலேசானது, கந்தகம் குறைந்தது, உயர்தரமானது. ஆனால் வடக்கே மார்ஸ்டன் பொயின்ற் சுத்திகரிப்பு ஆலை மத்தியகிழக்கின் கனத்த எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டிருந்ததால், தம் எண்ணெயிற் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்து, பிறர் எண்ணெயை இறக்குமதி செய்தார்கள். அந்த ஆலையும் 2022இல் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டது. எண்ணெய் எல்லாம் ஒன்றென்றால் இப்படி நடக்க வேண்டிய தேவை என்ன?

இனிக் காவிரிப் படுகை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் அதன் பாறைகளின் பெயர்களெல்லாம் தமிழூர்ப் பெயர்கள்.

ஒரு பாறைத் தொகுதி எந்த ஊரில் முதலில் அடையாளம் காணப்பட்டதோ அந்த ஊரின் பெயரை அதற்கு இடுவது நிலவியலாளர் வழக்கம். ஆகவே டெல்டாவுக்கு அடியில், கீழிருந்து மேலாகச் சொல்லிக்கொண்டு போனால், ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம் என்று ஒரு பேருந்தின் வழித்தடப் பலகைபோல இருக்கும். அதற்கு மேலே போர்ட்டோநோவோ என்ற பழைய பெயரில் எமது பரங்கிப்பேட்டை. அதன்மேல் கமலாபுரம், காரைக்கால், நிரவி. உலகின் எந்த மூலையில் ஒரு நிலவியலாளர் காவிரிப் படுகையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினாலும் குடவாசலையும் நன்னிலத்தையும் எழுதியே ஆகவேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் எங்கே பயன்படும் என்று கேட்கும் பெற்றோருக்கு இதனையும் சொல்லி வைக்கிறேன்.

கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டம் உடைந்தபோது இந்தியாவின் கிழக்குக் கரையோரம் நிலம் கிழிந்து பள்ளங்களாக இறங்கியது. நியூசிலாந்தின் நிலமும் அக்கண்டத்தின் துண்டுதான், பின்னர் பிரிந்தது. காவிரிப் படுகை ஒரே பெரிய கிண்ணம் அன்று. பல பள்ளங்களும், இடையிடையே பாறைத் திட்டுகளும் கொண்டது. அரியலூர்-புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், தெற்கே இராமநாதபுரம்-பாக்குநீரிணைப் பள்ளம், அதற்கப்பால் மன்னார். பாக்குநீரிணைப் பக்கம் இருக்கும் திட்டொன்றின் பெயர் மண்டபம்-நெடுந்தீவுத் திட்டு. இராமநாதபுரத்து மண்டபமும் எமது நெடுந்தீவும் கடலுக்கடியில் ஒரே பாறை வரம்பில் இருக்கின்றன. அரசுகள் நீரின்மேற் கோடு போட்டுள்ளன. பாறைக்கு அக்கோடு தெரியாது.

இப்படுகையின் முதன்மையான மூலப்பாறைகளாக ஆண்டிமடத்தையும் சாத்தப்பாடிக் களிப்பாறையையும் கூறுகின்றனர். அவற்றின் உயிர்ச்சத்திற் பெரும்பகுதி நிலத்துத் தாவரங்களிலிருந்து வந்தது. ஆகவே வாயுவை ஈனும் தன்மை கூடுதலாகவும் எண்ணெயை ஈனும் தன்மை இடத்துக்கிடம் மாறியும் காணப்படுகிறது. எந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அரியலூர்ப் பக்கம் சீமெந்து ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணக்கல்லும் அதனோடு தரையில் தெரியும் பழம்பாறைகளும் எந்தக் காலத்தவையோ, அதே காலத்துப் பாறைகள் நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திற் புதைந்து கிடக்கின்றன. அரியலூர்க்காரர் சங்கும் சிப்பியும் பொறுக்கும் பாறையின் உடன்பிறப்பு, அங்கே எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறது.

1964இல் இந்திய எண்ணெய் இயற்கைவாயு ஆணையம் இங்கு ஆழ்துளையிடத் தொடங்கியது. கண்டவை ஊருக்கு ஊர் வேறு. நரிமணத்தில் நல்ல எண்ணெய்; அதற்கென்றே 1993இல் நாகப்பட்டினம் அருகே ஒரு சிறு சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. குத்தாலத்தில் வாயு. தெற்கே இராமநாதபுரத்திலும் வாயு. வழுதூர் மின்நிலையம் அதில் இயங்குவது. கடலுக்குள் பி.ஒய்.-3 என்னும் வயலில், கண்ணுக்கு மசகெண்ணெய் என்றே தோன்றாத அளவுக்கு இலேசான எண்ணெய். அதற்கு அயலில் பி.ஒய்.-1 வயலில் வாயு, அதுவும் எங்கே? அடையற்பாறையிலேயே அல்ல, அதற்கு அடியிலுள்ள, வெடித்து உளுத்த கருங்கற் பாறைக்குள். கருங்கல் எரிவாயுவை ஈனாது. பக்கத்துப் பள்ளத்தின் களிப்பாறையிற் பிறந்தது, மேலே ஏற வழிதேடிக் கருங்கல்லின் வெடிப்புக்குள் குடியேறியிருக்கிறது. பிறந்த ஊர் ஒன்று, குடியிருக்கும் ஊர் வேறொன்று. இந்த மண்டபத்தில் இருக்கும் எவருக்கும் இது விளங்காமற் போகாது.

பயணத்தின்போதும் ஐதரோகாபன் மாறும். 1954இல் வில்லியம் குசோ என்ற கனடிய நிலவியலாளர் ஓர் அழகான விளக்கம் தந்தார். சரிவான மணற்பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பொறிகள், அதாவது மேலே மூடுபாறை கவிந்த குவிவுகள் இருப்பதாக எண்ணுங்கள். எண்ணெயும் வாயுவும் கீழிருந்து ஏறி வருகின்றன. முதற் குவிவில் வாயு மேலே போய்த் தங்கி, எண்ணெயைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. குவிவு நிரம்பியதும் எண்ணெய் விளிம்பால் வழிந்து அடுத்த குவிவுக்கு ஏறுகிறது. வரம்பு உடைத்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுவது போலத்தான், தலைகீழாக. ஆகவே ஆழமான பொறியில் வாயுவும், அதைவிட மேலுள்ள பொறியில் எண்ணெயும் கிடைப்பது வியப்பன்று. மேலே வந்து 80 பாகைக்குக் குறைவான வெப்பத்திலே தங்கிவிட்டால், நுண்ணுயிர்கள் இலேசான பகுதியைத் தின்று கனத்த தாரை மிச்சம் வைக்கும். கனடாவின் அல்பேட்டா மணல் அப்படி ஆனது. ஒரே குவிவுக்குள்ளேயே உச்சியில் இலேசானதும் அடியிற் கனத்ததுமாகப் படிமுறையாய் மாறும் வயல்களும் உண்டு.

நன்று, இனி என் பிழையான பிரசுரத்துக்குத் திரும்புவோம்.

டெல்டாவில் எம்மவர் ‘ஐதரோகாபன் திட்டம்’ என்று ஒரே பெயரால் அழைப்பவற்றுள் மூன்று வேறு பொருள்கள் உள்ளன. முதலாவது, நான் இதுவரை கூறிய மரபுவழி எண்ணெயும் வாயுவும். மணற்பாறையின் நுண்துளைகளில் தேங்கியிருப்பதைத் துளையிட்டு மேலே கொண்டுவருவது. நெடுவாசலும் கதிராமங்கலமும் இவ்வகை. இரண்டாவது, நிலக்கரிப் படுகை மீத்தேன். இங்கு வாயு எங்கும் பயணம் செய்யவில்லை; பழுப்பு நிலக்கரியின் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனை ஒட்டவைத்திருப்பது மேலுள்ள நீரின் அழுத்தம். ஆகவே அந்நீரை இறைத்தால்தான் வாயு கழன்று வரும். 2010-11இல் கையெழுத்தான மன்னார்குடித் திட்டம் இது; பரப்பு 691 சதுர கிலோமீட்டர். கடலோர டெல்டாவில் ஆண்டுக்கணக்காக நிலத்தடி நீரை இறைத்தால் உப்பு நீர் உள்ளே வராதா என்ற வினா இத்திட்டத்துக்கே உரியது. நம்மாழ்வார் ஐயா தம் இறுதி நாட்களில், 2013 திசம்பர் வரை, ஊர் ஊராகச் சென்று பேசியது இதைப் பற்றித்தான். தமிழக அரசு 2013இல் இடைநிறுத்தி, 2015இல் தடை செய்தது. மூன்றாவது, ஷேல் வாயு. மூலப்பாறையை விட்டே வெளியேறாமல் இறுக்கமான களிப்பாறைக்குள் அடைபட்டது. உயர் அழுத்தத்தில் நீரும் மணலும் வேதிப்பொருள்களும் செலுத்திப் பாறையை வெடிக்கச் செய்தாலன்றி அது வராது.

ஒவ்வொன்றின் ஆபத்தும் வேறு. நீரை இறைப்பது பற்றிய அச்சத்தை நெடுவாசலின்மேல் ஏற்றினேன். நெடுவாசலுக்குரிய உண்மையான வினாக்களைக் கேட்காமல் விட்டேன். எண்ணெயோடு மேலே வரும் உப்பும் உலோகமும் கலந்த நீரை எங்கே விடுவார்கள்? கிணற்றின் இரும்புக் குழாயைச் சுற்றிய சீமெந்து எத்தனை ஆண்டு தாங்கும்? கைவிட்ட கிணற்றை மூடுவது யார், கண்காணிப்பது யார்? மரபுவழிக் கிணற்றிலும் பாறையை வெடிக்கச் செய்யும் உத்தி சில வேளைகளிற் கையாளப்படுவதுண்டு. இங்கும் அப்படிச் செய்வார்களா? 2017 யூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது, மக்களுக்குக் கிடைக்காத பதில்கள் இவைதாம். தரனாக்கியிலும் இதே வினாக்கள் எழுந்தன. நியூசிலாந்து நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் ஆணையாளர் 2012இலும் 2014இலும் இவற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். அவ்வறிக்கைகளை இங்குள்ள எந்த மாணவரும் இலவசமாகப் படிக்கலாம். கதிராமங்கலத்து உழவருக்கு அத்தகைய அறிக்கை எதுவும் அவர் மொழியிற் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

இக்குழப்பத்துக்கு மக்கள் மட்டும் காரணர் அல்லர். 2016 மார்ச்சில் இந்திய நடுவண் அரசு ஒரு புதிய கொள்கையைக் கொண்டுவந்தது. அதன்படி எண்ணெய், இயற்கை வாயு, நிலக்கரி மீத்தேன், ஷேல் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். முன்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். நிறுவனங்களுக்கு அது வசதி. ஊர் மக்களுக்கோ, தம் காலடியில் மூன்றில் எது நடக்கப் போகிறது என்பதனை உரிமத்தைப் பார்த்து அறிய முடியாத நிலை. பாறை பிரித்து வைத்ததை ஒரு சொல் சேர்த்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அஞ்சினார்கள் என்றால் அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. 2020 பெப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இதிற் கவனமாக இருந்தது. எண்ணெய், இயற்கை வாயு என்பதோடு நிறுத்தாமல், நிலக்கரிப் படுகை மீத்தேனையும் ஷேல் வாயுவையும் பெயர் சொல்லித் தடை செய்தது. ஆனால் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை.

இனி மன்னார். “அண்ணை, மன்னாரில எண்ணெய் இருக்காம், உண்மையோ?” என்று கேட்காதவர் எம்மிற் குறைவு. சிலர் மகிழ்ச்சியோடு கேட்பர், சிலர் அச்சத்தோடு.

1970களில் சோவியத் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையிற் கிணறுகள் தோண்டினார்கள். வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் நெடுங்காலம் போர். 2008இல், முன்பு பெயர் கூறிய கெயின் நிறுவனம் மன்னார்ப் படுகையில் ஓர் ஆழ்கடற் பகுதிக்கு உரிமம் பெற்றது. 2011 ஒக்டோபரில் டொராடோ என்று பெயரிட்ட கிணற்றில், 1,350 மீட்டர் நீருக்கு அடியில், ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்து மணற்பாறையில், 25 மீட்டர் தடிப்பில் ஐதரோகாபன் கண்டதாக அறிவித்தார்கள். அடுத்த மாதம் பரக்குடா என்ற கிணற்றில், 4,000 மீட்டருக்கும் கீழே மற்றொன்று. அயலில் தோண்டிய வேறொரு கிணறு வெறும் கிணறு. 2013இல் தோண்டியதும் வெறுமையே. 2015இல் நிறுவனம் பகுதியைக் கையளித்து வெளியேறியது. இன்றுவரை வணிக உற்பத்தி தொடங்கவில்லை.

செய்திகள் ‘எண்ணெய் வளம்’ என்று முழங்கின. கிடைத்தது வாயுவும், கண்டன்சேற் எனப்படும் மெல்லிய திரவமும். ஆழத்தின் அழுத்தத்தில் எல்லாம் ஒரே வாயுவாக இருக்கும். மேலே வந்து குளிரும்போது அதில் ஒரு பங்கு, குளிர்ந்த கண்ணாடியில் நீர் முத்துவதுபோலத் திரவமாகப் பிரியும். எமது கபூனியும் மாவுயியும் இவ்வகைதான். இராஜஸ்தானத்தில் குழாயில் உறையும் மெழுகெண்ணெயைக் கண்ட அதே நிறுவனம், மன்னாரிலே வாயுவைக் கண்டது. மூலப்பாறை வேறு, புதைந்த ஆழம் வேறு.

வாயு என்பதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பீர்கள். எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கும் விற்கலாம். வாயுவுக்குக் கடலடிக் குழாய் வேண்டும், அல்லது உறைகுளிரில் திரவமாக்கும் ஆலை வேண்டும். அதன் மறுமுனையில் வாங்குவதற்கு மின்நிலையம் வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர் நீருக்கு அடியிலிருந்து இதனைச் செய்ய, வாயு பெருமளவில் இருந்தாலன்றிக் கணக்குச் சரிவராது. எங்கள் கைபேசிகளில் வலம்வரும் ‘மன்னாரில் இத்தனை கோடிப் பீப்பாய்’ என்பன, படுகையின் பருமனையும் பாறையின் தன்மையையும் வைத்துச் செய்த ஊக மதிப்பீடுகள். தோண்டிக் கண்டது வேறு. கண்டதில் இலாபமாக எடுக்கக்கூடியது என்று உறுதிசெய்த இருப்பு அதனிலும் வேறு. சிங்கப்பூர் ஆகிவிடுவோம் என்று சொல்லும் அரசியல்வாதிக்கும், எல்லாம் கொள்ளைபோய்விட்டது என்று சொல்லும் எம்மவருக்கும் நான் கேட்பது ஒன்றே: நீங்கள் கூறும் எண் இம்மூன்றில் எது?

அதற்காக மன்னாரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று நான் கூறவில்லை. நாளை மீண்டும் ஏலம் விடுவார்கள், மீண்டும் கப்பல் வரும். அக்கடலில் இரு கரையிலும் எம் மீனவர் வலை வீசுகிறார்கள். அப்போது அவர்கள் சார்பில் நாம் அனுப்பும் மனுவில், எண்ணெய்க் கசிவு என்று பொதுவாக எழுதாமல், கண்டன்சேற் கடலிற் கலந்தால் என்ன ஆகும், துளையிடும் சேற்றை எங்கே கொட்டுவார்கள், நில அதிர்வு ஆய்வு எந்த மாதங்களில் நடக்கும், அது மீன்பாடு மாதங்களோடு மோதுமா என்று எழுதவேண்டும். அம்மனுவுக்குப் பதில் எழுதாமற் தப்புவது கடினம். இந்த நாட்டிலும் 2018இல் புதிய கடல்சார் உரிமங்கள் நிறுத்தப்பட்டு, 2025இல் அத்தடை நீக்கப்பட்டுள்ளது. ஆகவே தரனாக்கிக் கரையில் இதே பணியைச் செய்யும் மாவோரி மக்களிடமும் மீனவர்களிடமும் எமது இளையோர் கேட்டுப் படிக்க நிறைய உண்டு.

இறுதியாக ஓர் அறிவிப்பு. 2017இல் நான் எழுதிய துண்டுப்பிரசுரத்தைத் திருத்தி, தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம். திருத்தியவள் அன்று என்னைத் திருத்திய அதே பிள்ளை. இப்போது படிப்பை முடித்துவிட்டாள். பின்பக்கத்தில் காவிரிப் படுகையின் பாறை அடுக்குப் படம் ஒன்று, ஊர்ப் பெயர்களுடன் இருக்கிறது. உங்கள் ஊரோ உங்கள் உறவினர் ஊரோ அதிற் தவறாக எழுதப்பட்டிருந்தால் பேனாவால் திருத்தி என்னிடம் தாருங்கள். பாறையைப் பற்றிய வினாக்களை அவளிடமும், எழுத்துப்பிழைகளை என்னிடமும் கேளுங்கள்.